அயர்லாந்தில் ஒரு மரணப் பதிவைத் தேடுவது எப்படி? 4 யூரோ காகிதமும் காணாமல் போன குடும்பக் கதைகளும்!

அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் டூம் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1925 முதல் 1961 வரை ஒரு இல்லம் இருந்தது. திருமணமாகாமல் கர்ப்பமான பெண்களை அனுப்பி வைக்கும் இடம். கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். கேத்தரின் கோர்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர், ஊர் இதழுக்கு அந்த இல்லத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கேள்வி வந்தது. அங்கே எத்தனை குழந்தைகள் இறந்தார்கள்?

பதிவு அலுவலகத்தில் கேட்டார். பட்டியல் வந்தது. 796 பேர். பெரும்பாலும் கைக்குழந்தைகள். ஒவ்வொரு மரணப் பதிவின் நகலுக்கும் 4 யூரோ கட்டி வாங்கினார். பிறகு ஊர் கல்லறைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்ட யாருமே அங்கே புதைக்கப்பட்டதாகப் பதிவு இல்லை. இறந்ததற்குக் காகிதம் இருக்கு, புதைத்ததற்கு இல்லை. அப்படியானால் உடல்கள் எங்கே?

2014-ல் இந்தக் கேள்வி உலகச் செய்தியானது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. 2017-ல் அந்த இடத்தின் நிலத்தடி அறைகளில் மனித எச்சங்கள் இருப்பது உறுதியானது. 2021-ல் அயர்லாந்து பிரதமர் நாட்டின் சார்பில் மன்னிப்பு கேட்டார். 2025 ஜூலையில் முழு அளவில் தோண்டும் பணி தொடங்கியது. இத்தனைக்கும் ஆரம்பம், யார் வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கக்கூடிய ஒரு சாதாரண மரணப் பதிவு.

இனி அந்தப் பதிவுகளை எப்படித் தேடுவது என்று பார்ப்போம். வீட்டில் ஐரிஷ் குடும்பப் பெயரைச் சுமக்கும் ஆங்கிலோ இந்திய நண்பர் இருக்கலாம். டப்ளினில் வேலை பார்க்கும் உங்களுக்கே, கூட வேலை பார்ப்பவரின் குடும்ப மரத்தை வரைந்து கொடுக்க ஆசை வரலாம். இல்லை, சும்மா ஒரு நாட்டின் பழைய பதிவேடுகளை போனில் புரட்டிப் பார்க்கும் ஆர்வமாகவும் இருக்கலாம். எதுவானாலும் வாங்க.

முதலில் மூன்று எண்கள்

தேடலைத் தொடங்கும் முன்பு மூன்று எண்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 1864, 1922, 50.

1864 ஜனவரி 1-ல்தான் அயர்லாந்தில் பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் அரசே பதிவு செய்யும் முறை வந்தது. அதற்கு முன் இறந்தவருக்கு அரசு மரணப் பதிவு என்ற ஒன்றே கிடையாது. தேடித் தேடி டேட்டாவைத் தீர்க்காதீர்கள்.

நாடு இரண்டாகப் பிரிந்த பிறகு, 1922 முதல் பதிவேடுகளும் பிரிந்தன. அதற்கு முந்தைய பதிவுகள், இன்று பிரிட்டனோடு இருக்கும் வடக்கு அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் உட்பட, டப்ளின் தரப்பு இணையதளத்திலேயே இருக்கின்றன. 1922-க்குப் பிறகு பெல்ஃபாஸ்டில் இறந்தவரைத் தேட வேண்டும் என்றால், வடக்கு அயர்லாந்தின் பொதுப் பதிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

50 என்பது வருடக் கணக்கு. ஒருவர் இறந்து 50 வருடம் தாண்டிய பிறகுதான் அந்தப் பதிவின் படம் இணையத்தில் ஏறும். பிறப்புக்கு 100 வருடம், திருமணத்துக்கு 75 வருடம். ஆக, குடும்ப வரலாறு தேடுபவருக்கு மிகச் சமீப காலம் வரை இலவசமாகத் திறந்திருப்பது மரணப் பதிவுதான். அதனால்தான் அனுபவசாலிகள் பலரும், தாத்தாவின் பிறப்பைத் தேடும் முன் அவர் இறப்பைத் தேடச் சொல்வார்கள்.

காகிதத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது?

பழைய ஐரிஷ் மரணப் பதிவைத் திறந்ததும் பலருக்கும் வரும் முதல் ஏமாற்றம் இதுதான்: அப்பா, அம்மா பெயர் இருக்காது. பிறந்த தேதி இருக்காது. திருமணமான பெண் என்றால் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்காது. எங்கே புதைத்தார்கள் என்பதும் இருக்காது. 'அப்புறம் என்னதான் இருக்கும்?' என்கிறீர்களா?

இறந்த தேதி, இடம். பெயர். ஆணா, பெண்ணா. திருமணமானவரா, ஆகாதவரா, துணையை இழந்தவரா. வயது. தொழில். இறப்புக்கான காரணம், எத்தனை நாள் படுத்திருந்தார் என்பது. தகவல் கொடுத்தவரின் பெயர், முகவரி, அவர் எந்த முறையில் தகவல் கொடுக்கிறார் என்பது. பதிவு செய்த தேதி, பதிவாளரின் கையெழுத்து. அவ்வளவுதான்.

பார்க்க வறட்சியாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு துப்பு.

தகவல் கொடுத்தவர்: இந்தக் கட்டத்தை முதலில் படியுங்கள். 'இறக்கும்போது உடனிருந்தவர்' என்று எழுதி ஒரு பெயர் இருக்கும். மகளாக இருக்கலாம், அண்ணன் மகனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். உறவு என்ன என்று பழைய பதிவுகளில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், 20-ம் நூற்றாண்டுப் பதிவுகளில் சொல்வது அதிகமாகிறது. ஆனால் குடும்பப் பெயர் வேறாக இருக்கும் ஒரு பெண் உடனிருந்தால், அவர் கல்யாணமாகிப் போன மகளா என்று பாருங்கள். ஒரு தலைமுறைக்கான கதவு அங்கே திறக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போல ஒரு கோடு இருந்தால், அவருக்கு எழுதத் தெரியாது என்று அர்த்தம். கைநாட்டு மாதிரி.

தொழில்: திருமணமான பெண்ணுக்கு 'கூலித் தொழிலாளியின் மனைவி' என்றும், குழந்தைக்கு 'விவசாயியின் பிள்ளை' என்றும் எழுதியிருப்பார்கள். அப்பா பெயர் இல்லாவிட்டாலும் அப்பாவின் தொழில் கிடைத்துவிடும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் இருந்தால் பிரித்துப் பார்க்க இது ஒன்றே உதவும்.

திருமண நிலை: 'விதவை' என்று இருந்தால், கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். உங்கள் அடுத்த தேடலுக்கு ஒரு கடைசி எல்லை கிடைத்துவிட்டது.

காரணம்: 'தைசிஸ்' என்று இருந்தால் காசநோய். 'டிராப்சி' என்றால் உடலில் நீர் கோத்த வீக்கம். குழந்தைகளுக்கு 'வலிப்பு' என்று நிறைய வரும். அது பல நேரம் நோய் அல்ல, நோயின் கடைசி அறிகுறி. வயதானவர்களுக்கு 'முதுமைத் தளர்ச்சி'. இதற்குப் பக்கத்திலேயே 'சான்றளிக்கப்படவில்லை' அல்லது 'மருத்துவர் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், அந்த வீட்டில் டாக்டரே கால் வைக்கவில்லை என்று பொருள். அன்றைய ஏழைக் குடும்பங்களில் இது சகஜம். ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

போனிலேயே தேடலாம், இலவசமாக!

அயர்லாந்து அரசே நடத்தும் 'ஐரிஷ் ஜீனியாலஜி' இணையதளம்தான் முதல் இடம். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம்.

1. இணையதளத்தில் 'சிவில் ரெக்கார்ட்ஸ்' பகுதிக்குப் போங்க. பக்கத்திலேயே சர்ச் பதிவுகளுக்கு என்று தனிப் பகுதி இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. பெயர், குடும்பப் பெயர் கொடுத்து, இறப்பு என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். வருடத்தை ஒரே வருடமாகக் கொடுக்காமல், முன்னே பின்னே ஐந்து வருடம் விட்டுக் கொடுங்கள்.

3. தேடுபவரின் பெயரைக் கேட்டு, ரோபோ இல்லை என்று உறுதிசெய்யச் சொல்லும். பதற வேண்டாம். சட்டப்படி ஒவ்வொரு தேடலும் ஒரு விண்ணப்பம். அதற்காகத்தான்.

4. முடிவுகளில் பெயர், வருடம், பதிவு மாவட்டம் வரும். வயதும் இருந்தால், அதை வைத்தே பாதிப் பேரைக் கழித்துவிடலாம்.

5. ஒன்றைத் திறந்தால் பதிவேட்டின் முழுப் பக்கமே படமாக வரும். ஒரு பக்கத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். உங்களுக்கு வேண்டியவர் அதில் ஒருவர். போனைப் படுக்கவைத்து, பெரிதாக்கிப் படியுங்கள். கையெழுத்து புரியவில்லை என்றால், அதே பக்கத்தில் அதே பதிவாளர் எழுதிய வேறு வார்த்தைகளோடு எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. பக்கத்தை உடனே சேமித்து, பெயர், வருடம், மாவட்டம் போட்டு ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். குரூப் ரெஜிஸ்ட்ரேஷன் ஐடி என்ற எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதிகாரபூர்வ நகல் வாங்க அது உதவும்.

வடக்கு அயர்லாந்துப் பதிவுகளுக்கு அவர்களின் பொதுப் பதிவு அலுவலக இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, முன்பணமாக கிரெடிட் வாங்கிப் பார்க்க வேண்டும். அங்கேயும் இணையத்தில் பார்க்க 50 வருட விதிதான்.

ஆள் கிடைக்கவில்லையா? ஐந்து காரணங்கள்

ஒன்று, பெயர். ஐரிஷ் குடும்பப் பெயர்களின் முன்னால் வரும் 'ஓ', 'மேக்' இரண்டும் நினைத்தால் ஒட்டும், நினைத்தால் உதிரும். பிறந்தபோது 'ஓ'பிர்ன்', இறந்தபோது வெறும் 'பிர்ன்' என்று இருக்கலாம். பிரிஜெட் என்ற பெண்ணை வீட்டில் பிடி என்றோ டீலியா என்றோ கூப்பிட்டிருப்பார்கள். பதிவுக்குத் தகவல் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தது எதுவோ, அதுதான் பதிவேட்டில் ஏறும்.

இரண்டு, இடம். பதிவு மாவட்டமும் நாம் மேப்பில் பார்க்கும் மாவட்டமும் ஒன்றல்ல. ஏழைகளுக்கான நிவாரணச் சட்டத்தின் கீழ் வரைந்த 'யூனியன்' எல்லைகளையே பதிவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். பலினஸ்லோ யூனியனை எடுத்துக்கொண்டால், கொஞ்சம் கால்வேயில் இருக்கும், கொஞ்சம் ராஸ்காமனில் இருக்கும். அதனால் ஊருக்குப் பக்கத்து யூனியன்களையும் பாருங்கள்.

மூன்று, ஆஸ்பத்திரி. ஒருவர் எங்கே வாழ்ந்தார் என்பதற்கு அல்ல, எங்கே இறந்தார் என்பதற்குத்தான் பதிவு. மலைக்கிராமத்து விவசாயி நகரத்து மருத்துவமனையிலோ, ஏழைகள் விடுதியிலோ இறந்திருந்தால், அந்த நகரத்தின் பதிவேட்டில் இருப்பார். தகவல் கொடுத்தவரும் அந்த நிறுவனத்தின் பொறுப்பாளராகவே இருப்பார். அப்போது குடும்பத்துத் துப்பு குறைவு.

நான்கு, வயது. இதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1909 ஜனவரி முதல் 70 வயது தாண்டியவர்களுக்கு முதியோர் பென்ஷன் வந்தது. வாரம் 5 ஷில்லிங் வரை. 1864-க்கு முன் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? அதனால் 1901 கணக்கெடுப்பில் 55 வயது என்று சொன்ன ஒருவர், 1911-ல் 70-ஐத் தாண்டிவிடும் அதிசயங்கள் நடந்தன! ஏமாற்று வேலை மட்டும் காரணமல்ல, பலருக்குத் தங்கள் வயது உண்மையிலேயே தெரியாது. மரணப் பதிவில் இருப்பதோ, தகவல் சொன்னவரின் உத்தேசம். பத்து வயது வரைகூட முன்பின் இருக்கலாம்.

ஐந்து, பதிவே ஆகாமல் போயிருக்கலாம். சட்டம் வந்துவிட்டது என்பதற்காக எல்லோரும் ஓடிப்போய்ப் பதிவு செய்துவிடவில்லை. பதிவாளராக இருந்தவர் பெரும்பாலும் அந்தப் பகுதியின் ஏழைகள் மருந்தக டாக்டர்தான். அவரைப் பார்க்க மைல் கணக்கில் நடக்க வேண்டிய குடும்பங்கள் இருந்தன. ஆரம்ப வருடங்களில் விடுபட்டவர்கள் ஏராளம்.

கணக்கெடுப்போடு சேர்த்துப் படித்தால் வேற லெவல்

மரணப் பதிவைத் தனியாகப் படித்தால் அது ஒரு வரி. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சேர்த்துப் படித்தால் அது ஒரு வீடு. இரண்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசம். வீட்டுத் தலைவர் நிரப்பிய படிவத்தின் படத்தையே பார்க்கலாம்.

1901-ல் கணவர் இருக்கிறார், 1911-ல் மனைவி 'விதவை' என்று இருக்கிறார். அப்படியானால் அந்தப் பத்து வருடத்துக்குள் மட்டும் தேடினால் போதும்.

இன்னொரு விஷயம், 1911 படிவத்தில் திருமணமான பெண்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர். பிறந்தது 9, இருப்பது 6 என்று ஒரு அம்மா எழுதியிருந்தால், நீங்கள் தேட வேண்டிய மரணப் பதிவுகள் மூன்று. அந்த மூன்று குழந்தைகளின் பெயரும் குடும்பத்தில் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவே பிறந்து இறந்திருந்தால் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். முதலில் அதே ஊர், அதே பெற்றோருக்கான பிறப்புப் பதிவுகளைத் தேடுங்கள். பிறப்புப் பதிவில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். பிறகு அந்தப் பெயர்களை இறப்புப் பதிவுகளில் தேடுங்கள். நூறு வருடத்துக்குப் பிறகு அந்தக் குழந்தைகளின் பெயரை முதலில் உச்சரிப்பவர் நீங்களாக இருக்கலாம்.

இறந்த தேதியைச் சரிபார்க்க இன்னொரு வழி உயில்கள். 1858 முதல் வருடாவருடம் வெளிவந்த உயில் பட்டியல்களில் இறந்த தேதி, முகவரி, சொத்து யாருக்குப் போனது என்பதெல்லாம் சுருக்கமாக இருக்கும். பணக்காரர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், சின்ன விவசாயிகளும் கடைக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள். டப்ளின் என்றால் கிளாஸ்னெவின் கல்லறையை மறக்காதீர்கள். 1832-ல் திறந்தது. 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். கட்டணம் கட்டி அவர்களின் பதிவுகளை இணையத்திலேயே தேடலாம்.

1864-க்கு முன்னால் போக முடியாதா?

போகலாம். ஆனால் பாதை கரடுமுரடு.

1845-ல் உருளைக்கிழங்கு நோயால் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அரசு மரணப் பதிவு கிடையாது. பதிவு முறை வந்ததே பஞ்சம் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான். கத்தோலிக்க சர்ச்சுகள் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதி வைத்தன. அடக்கத்தை எழுதி வைத்த பங்குகள் குறைவு. ஆக, அந்த மக்கள் பஞ்சத்தில் ஒரு முறை, காகிதத்தில் ஒரு முறை என்று இரண்டு முறை மறைந்துபோனார்கள்.

இதோடு 1922 ஜூன் 30-ல் இன்னொரு இடி. உள்நாட்டுப் போர் தொடங்கிய நேரத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, அயர்லாந்து திருச்சபையின் ஏராளமான பதிவேடுகள், நூற்றாண்டுகளின் உயில்கள் எல்லாம் சாம்பல். 'ஐரிஷ் பதிவுகள் எல்லாமே எரிந்துபோச்சு' என்று பலர் சொல்வது இதனால்தான். அது பாதி உண்மை. 1864-க்குப் பிந்தைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை, பிழைத்துக்கொண்டன. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளும் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்தன. சுமார் 1880 வரையிலானவற்றைத் தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

1864-க்கு முந்தைய இறப்பைப் பிடிக்க ஒரு சுற்றுவழி உண்டு. 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க நிலம், வீடுகளுக்கு வரி மதிப்பீடு செய்தார்கள். கிரிஃபித் மதிப்பீடு என்று பெயர். அதற்குப் பிறகு ஒரு நிலத்தில் ஆள் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதிக்கொண்டே வந்தார்கள். அப்பா பெயர் அடிபட்டு, மகன் பெயரோ, 'விதவை' என்று மனைவி பெயரோ ஏறியிருந்தால், அந்த வருடத்தை ஒட்டி அப்பா இறந்திருக்கலாம். ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம்.

அயர்லாந்தில் பிறந்து, நம்ம ஊரில் இறந்தவர்கள்

ராபர்ட் கால்டுவெல் தெரியும்தானே? திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். அவர் பிறந்தது 1814-ல், அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில். இறந்தது 1891 ஆகஸ்ட் 28-ல், கொடைக்கானலில். அடக்கம் இடையன்குடியில். இப்போது அவரை ஐரிஷ் அரசுப் பதிவேட்டில் தேடினால் என்ன ஆகும்? பிறந்தபோது பதிவு முறை இல்லை. இறந்தபோது அவர் அயர்லாந்தில் இல்லை. இரண்டு பக்கமும் காலி!

அயர்லாந்தில் இருந்து கப்பல் ஏறிய லட்சக்கணக்கானோர் கதையும் இதுதான். அங்கே பதிவு கிடைக்கவில்லை என்றால், அவர் இறக்கவில்லை என்றோ பதிவு தொலைந்தது என்றோ முடிவு கட்டாதீர்கள். வேறு நாட்டில் இறந்திருக்கலாம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போல இந்தியாவும் அந்த வரிசையில் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்திலும் கிழக்கிந்திய கம்பெனியின் படையிலும் ஐரிஷ் சிப்பாய்கள் ஏராளம். சென்னை மாகாணத்து சர்ச்சுகளில் நடந்த அடக்கங்களின் பதிவுப் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்ற அமைப்பின் இணையதளத்தில் இதற்கான இலவசத் தேடலும் உண்டு.

உங்கள் ஆங்கிலோ இந்திய நண்பர் 'எங்க கொள்ளுத்தாத்தா அயர்லாந்துக்காரர்' என்று சொன்னால், தேட வேண்டிய வரிசை இதுதான்: முதலில் இங்கே அடக்கப் பதிவு, அடுத்து இங்கே திருமணப் பதிவு, அதில் அப்பா பெயர் கிடைத்தால் கடைசியாக அயர்லாந்து. நேரே டப்ளினில் தொடங்கினால், ஒரே பெயரில் நூறு பேருக்கு நடுவில் தொலைந்துபோவீர்கள். 'மர்ஃபி'தான் அந்த நாட்டில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர். நம்ம ஊரில் முத்துச்சாமியைத் தேடுவது மாதிரி!

நகல் வாங்க என்ன செய்யணும்?

50 வருடத்துக்குள் இறந்தவர் என்றால் படம் இணையத்தில் இருக்காது. ஆனால் அது ரகசியமும் அல்ல. அயர்லாந்தில் இறப்புப் பதிவேடு பொது ஆவணம். டப்ளினில் வெர்பர்க் தெருவில் பொதுப் பதிவு அலுவலகத்தின் ஆராய்ச்சி அறை இருக்கிறது. நேரில் போய் அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டலாம். தூரத்தில் இருப்பவர்கள் ராஸ்காமனில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பலாம்.

நகலில் இரண்டு வகை. குடும்ப வரலாற்றுக்கு 'ஆராய்ச்சி நகல்' போதும், 4 யூரோ. சொத்து, விசா, வழக்கு போன்ற சட்ட வேலைக்கு முழுச் சான்றிதழ் வேண்டும், 20 யூரோ. இரண்டிலும் தகவல் ஒன்றுதான். விண்ணப்பிக்கும் நாளில் கட்டணத்தை ஒரு முறை இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் எடுத்துத் தரும் தனியார் தளங்களும் உண்டு. அவர்களும் இதே அலுவலகத்தில்தான் வாங்கித் தருவார்கள், கூடுதல் கட்டணத்தோடு.

இன்று ஒரு இறப்பைப் பதிவு செய்வது எப்படி?

தேடுவது ஒரு பக்கம். நாளைக்கு யாரோ தேடப்போகும் பதிவை இன்று சரியாக எழுதுவது இன்னொரு பக்கம்.

அயர்லாந்தில் ஒருவர் இறந்தால், கவனித்த மருத்துவர் காரணத்தை எழுதி ஒரு படிவம் கொடுப்பார். இறப்பு அறிவிப்புப் படிவம். நெருங்கிய உறவினர் மீதி விவரங்களை நிரப்பி, தன் அடையாள அட்டையோடு பதிவாளரிடம் போக வேண்டும். நாட்டில் எந்தப் பதிவாளரிடமும் போகலாம், பதிவுக்குக் கட்டணம் இல்லை. மூன்று மாதத்துக்குள் என்பது நெடுங்காலமாக இருந்து வரும் கெடு. வடக்கு அயர்லாந்தில் ஐந்தே நாள். திடீர் மரணம், விபத்து என்றால் விஷயம் கொரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் போகும். அவர் விசாரணை முடித்துச் சான்று அனுப்பிய பிறகுதான் பதிவாகும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

2004-ம் வருடத்துச் சட்டம் ஒரு பெரிய மாற்றம் கொண்டுவந்தது. அதன்படி இறந்தவரின் பெற்றோர் பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், பிறந்த இடம் எல்லாம் பதிவில் சேர்ந்தன. 140 வருடமாக வாரிசுகள் தேடிக்கொண்டிருந்த கட்டங்கள்! டப்ளினிலோ கார்க்கிலோ இருக்கும் நம்மவர்கள் குடும்பத்தில் ஒரு இழப்பு நேர்ந்தால், அந்தத் துயரத்திலும் இந்தக் கட்டங்களைச் சரியாக நிரப்புங்கள். நம் இன்ஷியல் முறை அவர்களுக்குப் புரியாது. இன்ஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலிலேயே கொடுங்கள். பதிவாளர் கையெழுத்துப் போடச் சொல்லும் முன் ஒவ்வொரு எழுத்தையும் வாசியுங்கள். பிறகு திருத்துவது அலைச்சல்.

இன்னொரு கதவும் இருக்கிறது. இறந்தே பிறந்த குழந்தைகளுக்கு அயர்லாந்தில் 1995 ஜனவரி வரை எந்தப் பதிவேடும் இல்லை. அன்று முதல் தனிப் பதிவேடு வந்தது. அதற்கு முன்பு நடந்ததையும் பெற்றோர் இப்போது பதிவு செய்யலாம். எத்தனையோ வருடம் கழித்துப் போய், பெயர் சொல்லிப் பதிய முடியும். இந்தப் பதிவேடு எல்லோரும் பார்க்கக்கூடியது அல்ல, குடும்பத்துக்கானது. அதேபோல, காணாமல் போய்த் திரும்பாதவர்களுக்காக 2019-ல் ஒரு சட்டம் வந்தது. நீதிமன்றமோ கொரோனரோ 'இறந்ததாகக் கருதலாம்' என்று உத்தரவிட்டால், அதற்கென்று இருக்கும் தனிப் பதிவேட்டில் ஏற்றுவார்கள்.

தேடும் முன் ஒரு வார்த்தை

பழைய பதிவுகளில் எல்லாமே இருக்கும். தற்கொலை, சிறை, மனநல விடுதி, கல்யாணத்துக்கு முன் பிறந்த குழந்தை. கிடைத்த உடனே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடாதீர்கள். அந்த வீட்டின் பெரியவரிடம் முதலில் தனியாகச் சொல்லுங்கள். சிலருக்கு அது வரலாறு அல்ல, அம்மா.

கிடைத்த பதிவு உங்கள் ஆளுடையதுதானா என்பதற்குக் குறைந்தது இரண்டு சாட்சியாவது வையுங்கள். பெயரும் வயதும் பொருந்தினால் மட்டும் போதாது. ஊரும் பொருந்த வேண்டும், அல்லது உடனிருந்தவரின் பெயர் கணக்கெடுப்பில் அதே வீட்டில் இருக்க வேண்டும். தப்பான தாத்தாவை மரத்தில் ஏற்றினால், அதற்கு மேலே வரும் எல்லோரும் யாரோ ஒருவரின் முன்னோர்கள்!

இன்று ராத்திரியே தொடங்க வேண்டும் என்றால், செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டில் மூத்தவருக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். அவர் பெயர் என்ன, எந்த ஊரில் இறந்தார், கடைசியில் பக்கத்தில் இருந்தது யார்? மூன்றாவது கேள்விக்கான பதில், 1864-லிருந்தே அந்தப் பதிவேட்டில் ஒரு தனிக் கட்டத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.